ஏழு மாட்டிலும் ஒரே கிருமியா?

அன்புள்ள செல்வம்,

நலம், நலமறிய ஆவல். கடிதம் கிடைத்தது. இருபது கறவையில் ஏழுக்கு மடிநோய், ஏழிலும் ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா என்று எழுதியிருக்கிறாய். பெயர் தெரிந்தது பாதி வேலைதான். ஏழிலும் இருப்பது ஒரே வகையா, வேறு வேறா? ஒரே வகை என்றால் கறப்பவர் கை, எல்லா மடிக்கும் ஒரே துணி, இயந்திரத்தின் காம்புக் குப்பி, இவற்றின் வழியாக மாட்டுக்கு மாடு தாவுகிறது. வேறு வேறு என்றால் கறவைச் சுத்தத்தை மட்டும் பிடித்துத் தொங்கக்கூடாது.

சுவிட்சர்லாந்தில் இதை அழகாகப் பிரித்திருக்கிறார்கள். கிருமியின் டிஎன்ஏவில் 16எஸ், 23எஸ் எனப்படும் இரண்டு ரைபோசோம் (புரதம் செய்யும் உறுப்பு) மரபணுக்களுக்கு நடுவே உள்ள இடைவெளியின் நீளத்தைப் பார்த்து வகைப்படுத்தினார்கள். 'பி' வகை மந்தை முழுக்கப் பரவுகிறது. 'சி' வகை ஒன்றிரண்டு மாட்டோடு நிற்கிறது. அந்த 'பி' வகை மனிதர்களிடமிருந்து மாட்டுக்கு வந்த வம்சம் என்பதுதான் வேடிக்கை.

இனி மாதிரி எடுப்பது. இங்கேதான் பாதிப்பேர் கோட்டை விடுகிறார்கள். 70 சதவீத ஆல்கஹால் பஞ்சால் துடைக்கும்போது உனக்குத் தூரத்துக் காம்பை முதலில் துடை, பிறகு கிட்டக் காம்பை. பால் பிடிக்கும்போது தலைகீழ்: கிட்டது முதலில். இல்லாவிட்டால் துடைத்த காம்பில் உன் கையே உரசும். முதல் மூன்று பீச்சைத் தரையில் விடாமல் தனிப் பாத்திரத்தில் விட்டுவிடு. பால் பிடிக்கும் மாதிரிக் குழாயைச் சாய்த்துப் பிடி, மேலிருந்து தூசி விழாது. இந்தக் கிருமி விட்டு விட்டுத்தான் பாலில் வரும்; ஒருமுறை வராததால் மாடு சுத்தம் என்று நினைக்காதே.

பாலை இரத்த அகாரில் (இரத்தம் கலந்த, கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) தடவி 37 டிகிரியில் 24 மணி நேரம் வை. மாட்டு வகைகளில் இரத்த அணுக்களைச் சிதைக்கும் பீட்டா நச்சின் மரபணு பெரும்பாலும் முழுதாக இருப்பதால், தட்டில் வளரும் கிருமிக் கட்டியைச் சுற்றி உள்ளே தெளிவும் வெளியே மங்கலுமாக இரட்டை வளையம் தெரியும். மனித வகைகளில் ஒரு வைரஸ் அந்த மரபணுவுக்குள் புகுந்து அதைக் கெடுத்திருக்கும். வளையத்தை வைத்தே முடிவு கட்டாதே, குறிப்பாக மட்டும் எடுத்துக்கொள். ஒரு மாதிரிக்கு மூன்று நான்கு கட்டிகளைக் கிள்ளு. ஒன்றை மட்டும் எடுத்தால் கலப்பு தெரியாது.

வகை பார்க்கக் கட்டியிலிருந்து டிஎன்ஏ பிரிக்கவேண்டும். அது வரவில்லை என்றால், செல் சுவரைக் கரைக்க லைசோசைம் என்ற நொதியை மட்டும் போட்டிருப்பாய். இந்தக் கிருமியின் சுவரில் கிளைசின் என்ற அமினோ அமிலத்தாலான பாலங்கள் உண்டு. அவற்றை வெட்டும் லைசோஸ்டாஃபின் என்ற நொதி இல்லாமல் எளிதில் உடையாது. அடுத்து ஸ்பா வகைப்படுத்தலே போதும்: ஸ்பா என்ற ஒரே மரபணுவில், 24 டிஎன்ஏ எழுத்து நீளமுள்ள துண்டுகள் எந்த வரிசையில் வருகின்றன என்று பார்ப்பது. ஒரு துண்டு கூடினாலோ குறைந்தாலோ உடனே வேறு வம்சம் என்று சொல்லிவிடாதே. சில மாட்டு வகைகளில் வழக்கமான பிரைமர் (மரபணுவை நகலெடுக்கத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒட்டுவதே இல்லை. அவற்றுக்கு மட்டும் ஏழு மரபணு வரிசைப்படுத்தலுக்குப் போ. இருபது மாட்டுக்கு முழு மரபுத்தொகுதி படிப்பது வீண் செலவு.

முடிவு வரும்வரை அந்த ஏழையும் கடைசியில் கற. மடிக்கொரு துணி.

அன்புடன்,
ராசு