பறவைக் கூட்டின் படம் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு நம் மாவட்டப் பக்கத்தில் கிருஷ்ணப்பருந்து குஞ்சுக்கு மீன் ஊட்டும் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தீர்கள். படம் நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கீழே ஊர்ப் பெயரோடு, எந்தக் கோயிலுக்குப் பின்னால் உள்ள விளை (தென்னந்தோப்பு) என்பது வரை அச்சிட்டுவிட்டீர்கள்.

திங்கட்கிழமை காலை மீன் இறக்கிவிட்டு அந்த வழியாகத்தான் திரும்பினேன். விளைக்கு வெளியே ஏழெட்டு பைக்குகள். ஒருவர் தென்னை மூட்டில் நின்று கம்பால் மரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். பருந்து எழுந்தால் பறக்கிற படம் கிடைக்குமாம். இன்னொருவர் ட்ரோனை மாட்டிக்கொண்டிருந்தார். கூடு இருக்கிற அந்த ஒரு தென்னையில் மட்டும் ஆள் ஏறவிடாமல், தேங்காயை வெட்டாமல் விட்டிருக்கிறார் விளைக்காரர். பருந்தைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற ஆள். "மக்கா, போயிருங்கடே" என்று கெஞ்சிப் பார்த்து, கடைசியில் அவர்தான் எல்லாரையும் விரட்டினார்.

பருந்து கூட்டில் சும்மா நிற்பதில்லை. இறகு முளைக்காத குஞ்சுக்கு அதன் உடம்புதான் நிழல். அது மேலே வட்டமடித்துக் கத்திக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் குஞ்சு வெயிலில் கிடக்கும். அடுத்த மரத்தில் காகம் பார்த்துக்கொண்டிருக்கும். மார்கழி முதல் சித்திரை வரை இவற்றுக்குக் கூடுகட்டும் காலம். பெரும்பாலும் இரண்டே முட்டை, அடைகாக்கவே 26, 27 நாள் ஆகும். அவ்வளவு பாடுபட்டு வளர்ப்பதை ஒரு காலைப் பொழுதில் கெடுத்துவிடலாம்.

நானும் படம் எடுக்கிறவன்தான். மணக்குடியில் மீன் ஏற்றுகிற டெம்போ ஓட்டுகிறேன். பழைய நிக்கான் ஒன்றும் 70-300 லென்ஸும் சீட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் கிடக்கும், பையில் மீன் வாடை போகவே போகாது. புத்தளம் உப்பளப் பாதையில் எஞ்சினை அணைத்துவிட்டு, ஜன்னல் விளிம்பில் துண்டைச் சுருட்டி அதன்மேல் லென்ஸைச் சாய்த்துக் காத்திருப்பேன். வண்டியைப் பறவைகள் அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துப் பாருங்கள், போய்விடும்.

மணக்குடிக் காயலில் விராலடிப்பான், அதாவது மீனைப் பிடித்துத் தின்கிற பருந்து போன்ற பறவை, இறங்குவதை எடுக்க வேண்டுமானால் பொறுமை வேண்டும். காலை முன்னால் நீட்டித் தண்ணீரில் விழும். எழுந்து உடம்பை ஒருமுறை உதறும். பிடித்த மீனைத் தலை முன்பக்கம் வருகிற மாதிரி திருப்பிக்கொண்டு போகும். ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறையக் கூடாது. விடிகாலை வெளிச்சத்தில் அதற்காக ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் அளவை) ஏற்றினால் படம் புள்ளி புள்ளியாக விழும். சரி, விழட்டும்.

கூட்டுப் படத்துக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. எத்தனை தரம் விரட்டினாலும் பருந்து அந்த ஒரே இடத்துக்குத் திரும்பி வந்துதான் ஆக வேண்டும். அதனால்தான் புதிதாகக் கேமரா வாங்கியவர் முதலில் அங்கே போய் நிற்கிறார். அதைப் பத்திரிகையும் போட்டுவிட்டால் நல்ல படம் என்றால் இதுதான் என்று ஆகிவிடும். கல்லூரிகளில் புகைப்படப் போட்டி நடத்துகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: கூடு தெரிகிற படம் என்றால் எவ்வளவு அழகாக இருந்தாலும் தள்ளிவையுங்கள்.

சட்டமும் இதைச் சின்ன விஷயமாக விடவில்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்பதற்குள் பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வருகிறது. துப்பாக்கி தூக்கினால்தான் வேட்டை என்று நம் ஆட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் மாவட்டத்துச் சுசீந்திரம்-தேரூர் குளங்களும் வேம்பனூர் குளமும் 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த பிறகு குளக்கரைகளில் கேமராக்கள் கூடியிருக்கின்றன. வரட்டும், நல்லதுதான். பறவையைப் பார்க்க ஆள் வந்தால்தான் குளத்தில் குப்பை கொட்டுவதைக் கேட்கவும் ஆள் இருக்கும். ஆனால் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் வாத்துகளைக் கல்லெறிந்து கிளப்புகிறவர்களையும் அங்கே பார்க்கிறேன். வலசை வந்த பறவை திரும்பிப் போவதற்கு உடம்பில் கொழுப்பு சேர்க்க வேண்டும், அப்புறம் அதை எங்கே மேயவிடுகிறோம்?

தங்களிடம் கேட்பது இவ்வளவுதான். கூட்டுப் படங்களை வாங்காதீர்கள். மற்ற படங்களிலும் கூடுகட்டும் காலத்தில் 'குமரி மாவட்டம்' என்று போட்டால் போதும், கோயிலும் விளையும் வேண்டாம். பக்கம் நிரம்பவில்லை என்றால் சொல்லுங்கள், விராலடிப்பான் படங்கள் என்னிடம் இருக்கின்றன, காசு வேண்டாம். அதற்கு மணக்குடி என்றே தாராளமாகப் போடலாம்; பனிக்காலத்தில் வந்துவிட்டுப் போகிற பறவை, இங்கே கூடு கட்டுவதில்லை.

இப்படிக்கு,
டெம்போ ஓட்டுநர் ஒருவர்,
மணக்குடி, குமரி மாவட்டம்.