கறுப்புக் கோட்டுக்காரரைச் சோதிக்கச் சொல்வது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். நீதிமன்றப் பாதுகாப்பு பற்றிய தங்கள் தலையங்கத்தைப் படித்தேன். வாசலில் நிற்கும் போலீஸ் வேடிக்கை பார்க்கிறது என்ற வரி சுருக்கென்று தைத்தது. மாவட்ட ஆயுதப்படையிலிருந்து ஓய்வு பெற்றவன் நான். கடைசி ஆறு வருடத்தில் பாதி கோர்ட் பாராவிலேயே, அதாவது வாசல் காவலிலேயே போனது.

பகையாளிக்குப் பயந்தவன் எந்த ஊரிலும் ஒளிந்துகொள்ளலாம். வாய்தா அன்று மட்டும் வந்துதான் தீர வேண்டும். தேதி, கோர்ட், நேரம் எல்லாம் எதிராளிக்கும் தெரியும். கோர்ட் சேவகரான டவாலி பெயர் சொல்லிக் கூப்பிடும்போது இரண்டு தரப்பும் ஒரே வேப்பமரத்தடியிலிருந்து எழுந்து வருவார்கள். 2024 டிசம்பர் 20 அன்று நெல்லை நீதிமன்ற வாசலில் ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றது வாய்தாவுக்கு வந்த இடத்தில்தான். கொலையாளிகளில் ஒருவனைத் துரத்திப் பிடித்தவர் ஒரு சிறப்பு எஸ்.ஐ. என்பதையும் சேர்த்து எழுதியிருக்கலாம். அதன்பின் நீதிமன்றங்களுக்கு ஆயுதப் போலீஸ் போட உத்தரவானது. சந்தோஷம். ஆனால் துப்பாக்கி கொடுத்தவர்கள், யாரைச் சோதிக்கலாம் என்பதைச் சொல்லவில்லையே!

என் காலத்தில் வாய்மொழி உத்தரவு ஒன்று உண்டு: “எல்லாரையும் செக் பண்ணுங்க, வக்கீல் சாருங்களை விட்டுருங்க.” ஒருநாள் ரிமாண்ட் கைதிக்குச் சோறு கொண்டுவந்த பாட்டியின் தூக்குவாளியைத் திறந்து, கரண்டியால் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தேன். “ஏன்யா, எம் பேரனுக்கு நானே விஷம் வைப்பனா?” என்றாள். பதில் சொல்ல நான் நிமிர்வதற்குள் கறுப்புக் கோட்டும் கையில் கேஸ் கட்டுமாக நாலு பேர் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். நாலு பேரும் வக்கீல்தானா? எனக்கு எப்படித் தெரியும்?

டெல்லி ரோகிணி கோர்ட்டில் 2021 செப்டம்பரில் தாதா ஒருவனைச் சுட்டவர்கள் வக்கீல் உடையில் வந்தவர்கள். 2025 பிப்ரவரி 19 அன்று கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தில் கூண்டில் நின்றவனைச் சுட்டவனும் அதே வேடம்தான். பக்கங்களை வெட்டிக் குடைந்த புத்தகத்துக்குள் துப்பாக்கி இருந்ததாம். நாங்கள் கிளறியதோ குழம்பை.

வக்கீல் பையில் கைவைக்க ஏன் தயக்கம் என்று கேட்கலாம். அதற்கும் ஒரு பிப்ரவரி 19 இருக்கிறது. 2009இல் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் வக்கீல்களும் போலீசும் மோதிக்கொண்ட நாள். எந்தத் தரப்பில் தப்பு என்று பேச நான் வரவில்லை. அன்று பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த பையன்கூட இன்று காவலராக வந்ததும் முதலில் கற்றுக்கொள்வது, வக்கீலிடம் வாய் கொடுக்காதே என்பதைத்தான். உயர் நீதிமன்றத்தில் 2015 நவம்பரிலிருந்து மத்திய தொழிற்பாதுகாப்புப் படை நிற்கிறது. அவர்களுக்கு ஒரு வசதி, அசலூர்க்காரர்கள். எங்கள் ஸ்டேஷன் ஆள் இன்று ஒரு வக்கீலைத் தடுத்தால், நாளைக்கு அதே வக்கீலின் குறுக்கு விசாரணைக்குக் கூண்டேற வேண்டும்.

எனவே உத்தரவு எழுத்தில் வேண்டும். வக்கீல், குமாஸ்தா, போலீஸ் உட்பட எல்லோருக்கும் சோதனை உண்டு என்று மாவட்ட நீதிபதியும் வழக்கறிஞர் சங்கமும் கையெழுத்துப் போட்டு வாசலில் ஒட்டட்டும். அந்தக் கையெழுத்து இருந்தால் காவலர் தைரியமாகக் கை நீட்டுவார். மெட்டல் டிடெக்டருக்கு பேட்டரியும் வாங்கிக் கொடுத்தால் புண்ணியம். எங்களுடையது மாதத்தில் பாதி நாள் வெறும் கட்டைதான்.

எங்கள் கோர்ட்டில் ஒரு சீனியர் வக்கீல் இருந்தார். நான் கேட்காமலே பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் உள்ளே போவார். பின்னால் வரும் ஜூனியர்களும் வேறு வழியில்லாமல் திறப்பார்கள். அவர் வராத நாட்களில் அந்த ஜூனியர்கள் சைக்கிள் ஸ்டாண்டு பக்கத்து வாசல் வழியாகப் போனார்கள். அங்கே பாரா கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற சிறப்பு உதவி ஆய்வாளர்
(பெயரும் ஊரும் வேண்டாமே)