வெல்லம் போன வாரம் பொள்ளாச்சிக்குப் போய்விட்டது

வடவள்ளி, கோவை
ஞாயிறு மாலை

அன்புள்ள லலிதா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. நாலு பக்கம்! முட்டி ஆபரேஷன் முடிந்து, கைத்தடி இல்லாமல் கொல்லை வரை நடக்கிறாய் என்ற இடத்தை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். மாடிப்படி மட்டும் இன்னும் ஒரு மாதத்துக்கு வேண்டாம்டி, உன் மருமகள் சொல்வதைக் கேள். இங்கே எல்லாரும் சௌக்கியம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. பெரியவன் புனேயிலேயே வீடு வாங்கிவிட்டான், இனி இந்தப் பக்கம் வரமாட்டான் என்று நினைக்கிறேன். இரண்டு நாளாக மருதமலை மேகத்துக்குள் மறைந்துகிடக்கிறது, துணி காயவே இல்லை.

கடைசிப் பத்தியில் போகிற போக்கில் ஒன்று கேட்டிருக்கிறாய். பேத்தி நிலா கினி பிக் வேண்டும் என்று, முயல் மாதிரி புல் தின்கிற, வாலில்லாத அந்தச் சின்னப் பிராணிதான், ஒற்றைக்காலில் நிற்கிறாள், கடையில் ஒன்று வாங்கித் தரலாமா என்று. ஒரு வரியில் பதில் எழுத என்னால் முடியவில்லை. 'வாங்காதே' என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். அதற்கும் மனசு வரவில்லை. நான் பட்டதை எழுதுகிறேன், நீயே பார்.

நாங்கள் வளர்த்த கினி பிக் முத்துவை உனக்கு நினைவிருக்கும். 2019 பொங்கலுக்கு வந்தபோது உன் மடியில் உட்கார்ந்து கொத்தமல்லித் தண்டு தின்றானே, வெள்ளை உடம்பில் பழுப்புத் திட்டோடு. 'வயிற்றுக்கு ஆகவில்லை, போய்விட்டான்' என்று மட்டும் போனில் சொன்னேன். நடந்தது இதுதான். கழுத்துக்குக் கீழே சின்னதாக ஒரு கட்டி வந்தது. பக்கத்தில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனோம். நாய், பூனை பார்ப்பவர், தன்மையான மனிதர். அமாக்ஸிசிலின் சிரப் எழுதிக் கொடுத்தார். நான் மணி பார்த்து, ஒரு சொட்டு சிந்தாமல் கொடுத்தேன். மூன்றாம் நாள் கழிச்சல். நாலாம் நாள் விடியற்காலையில் கையில் எடுத்தபோது காதெல்லாம் சில்லென்று இருந்தது.

அமாக்ஸிசிலின் பெனிசிலின் வகை. அந்த வகை மருந்தை கினி பிக்குக்கு வாய்வழியாகக் கொடுக்கவே கூடாதாம். புல்லைச் செரிக்க உதவுகிற நல்ல பாக்டீரியாக்கள் குடலில் செத்துவிடும், அந்த இடத்தில் நஞ்சு உண்டாக்குகிற கிருமி பெருகிவிடும். 1940களிலேயே ஆராய்ச்சிக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம் இது. எனக்குத் தெரிந்தது அவனை முருங்கை மரத்தடியில் புதைத்ததற்கு மறுநாள். என் கையால் ஊட்டியிருக்கிறேன், லலிதா. இன்றைக்கும் அந்தப் பிங்க் சிரப்பின் இனிப்பு வாசனை வந்தால் சமையலறையை விட்டு வெளியே வந்துவிடுவேன்.

இனி இந்த வீட்டில் எதுவும் வேண்டாம் என்றுதான் இருந்தோம். 2021-ல் சின்னவனோடு வேலை பார்த்த பையன் ஒருவன் வேறு ஊருக்குக் கிளம்பினான், 'ஒரு மாசம் பார்த்துக்கொள்ளுங்கள் ஆன்ட்டி' என்று இரண்டைக் கொண்டுவந்து விட்டான். அந்த ஒரு மாதம்தான் இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது. நல்ல வீடு கிடைக்கும் வரை வைத்துப் பார்த்துக்கொள்வதை ஃபாஸ்டர் என்கிறார்கள். காதோடு காதாகச் செய்தி பரவி, நாலு வருஷத்தில் 22 வந்துவிட்டன. 15 நல்ல வீடுகளுக்குப் போயின. ஐந்து முருங்கை மரத்தடியில் முத்துவுக்குப் பக்கத்தில். மீதி இரண்டு இப்போது என் காலடியில் வைக்கோலைக் கொறித்துக்கொண்டிருக்கின்றன.

வருகிற கதைகள் எல்லாம் ஒரே மாதிரிதான். 'இரண்டும் பெண்' என்று கடையில் சொல்லித் தருவார்கள், இரண்டு மாதத்தில் குட்டி போடும். பிள்ளைக்குப் பரீட்சை வரும். வாடகை வீட்டுக்காரர் வேண்டாம் என்பார். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, சொல்லித்தர யாருமில்லை. ஒருவர் மட்டும் போனில் 'எத்தனை இருந்தாலும் எடுத்துக்கிறேன்' என்றார். எதற்கு என்று இரண்டு தடவை கேட்ட பிறகு, பாம்பு வளர்ப்பதாகச் சொன்னார். அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ராகி வந்ததைச் சொல்லவேண்டும். ஒரு தாத்தா மஞ்சப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். பின்காலை இழுத்து இழுத்து நடந்தது, தொட்டால் கீச்சென்று கத்தியது, மூட்டு வீங்கியிருந்தது, முடி மங்கி எண்ணெய் போட்ட துணி மாதிரி ஒட்டிக்கிடந்தது. என்ன சாப்பாடு என்று கேட்டேன். 'குறையே வைக்கலைங்க அம்மா, தெனமும் கம்பும் கோதுமையும்தான்' என்றார். அவர் வைத்ததில் கஞ்சத்தனம் இல்லை. ஆனால் இந்த உயிருக்கு, நம்மைப் போலவே, வைட்டமின் சி-யை உடம்பில் உண்டாக்கிக்கொள்ளத் தெரியாது. மாடு, நாய், எலி எல்லாம் தானே செய்துகொள்ளும். 1907-ல் நார்வேயில் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிக் என்ற இரண்டு பேர் பெரிபெரி நோயை ஆராயக் கினி பிக்குகளுக்கு வெறும் தானியமும் ரொட்டியும் கொடுத்தார்கள். அவர்களே எதிர்பாராமல், வைட்டமின் சி இல்லாமல் கப்பல்காரர்களுக்கு வருகிற ஸ்கர்வி அவற்றுக்கு வந்தது. அந்த நோய்க்கு மருந்து உணவில்தான் இருக்கிறது என்பதற்கு அது பெரிய சாட்சியாகிவிட்டது. சின்னவன் அதைப் படித்துக் காட்டியபோது ராகி என் மடியில் கிடந்தது. நூறு வருஷத்துக்கு முன்னால் எங்கேயோ வலித்த அதே மூட்டு, இங்கே என் விரலுக்கடியில் வலித்தது.

இப்போது நான் போகிற டாக்டர் முயலும் பறவையும் பார்ப்பவர். பஸ்ஸில் முக்கால் மணி நேரம், ஆனாலும் அவரிடம்தான். அவர் சொன்ன அளவில் வைட்டமின் சொட்டு. வாய் வலியால் அது தானாகத் தின்னாது, அதனால் தீவனத்தை ஊறவைத்து மசித்து, ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்சால் ஊட்டவேண்டும். முன்பல்லுக்குப் பக்கவாட்டில் நுழைத்து, கொஞ்சம் தள்ளி, அது மெல்லும் வரை காத்திருந்து, மறுபடி கொஞ்சம். அவசரப்பட்டால் புரையேறும். ஒரு வேளைக்கு அரைமணி நேரம். இரவு பன்னிரண்டு, மூன்று, ஆறு. இதன் குடல் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும், அரைநாள் எதுவும் உள்ளே போகாவிட்டாலே ஆபத்து. நான் தூங்கிவிழும்போது அவர் எழுந்து வாங்கிக்கொள்வார். ஆறாம் நாள் காலையில் துணியில் பத்துப் பன்னிரண்டு புழுக்கை, கெட்டியாக, ஒரே அளவாக, பளபளவென்று கிடந்தது. அதைப் பார்த்து இரண்டு பேரும் கண் கலங்கி நின்றோம். சொன்னால் யாருக்கும் புரியாது, உனக்குப் புரியும்.

லலிதா, இதில் கஷ்டம் என்னவென்றால் இது நோயை மறைக்கும். காட்டில் எதற்கும் இரையாகிற உயிர், சோர்ந்திருப்பதைக் காட்டிக்கொண்டால் பிழைக்காது. அந்தப் பயம் நம் வரவேற்பறையிலும் அதை விடவில்லை. கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும், வாயில் வைக்கோல்கூட இருக்கும், உள்ளே பல் வளர்ந்து நாக்கைக் குத்திக்கொண்டிருக்கும். பல் ஆயுசுக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேயவேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் சமையலறைத் தராசில் ஒரு பாத்திரம் வைத்து, இரண்டையும் நிறுத்து காலண்டரில் எழுதுவேன். ஒரு வாரத்தில் 50 கிராம் குறைந்தால் கூடவே உட்கார்ந்து பார்ப்பேன். 100 போனால் பஸ் ஏறிவிடுவேன். மூன்று உயிர்களைக் காப்பாற்றியது அந்தக் காலண்டர்.

கோடைதான் எனக்கு அடுத்த பயம். இதன் பூர்வீகம் பெரு, பொலிவியா பக்கத்து ஆண்டீஸ் மலை. அங்கே பல ஆயிரம் வருஷமாக வீட்டில் வளர்க்கிறார்கள், இறைச்சிக்குத்தான். குளிர்ந்த மலைக்காற்றுக்கு ஏற்ற உடம்பு, நம்மைப் போல வியர்க்காது. 27, 28 டிகிரியைத் தாண்டினாலே அதற்குக் கஷ்டம். கோவையிலேயே ஏப்ரலில் மதியமெல்லாம் படுக்கையறை ஏசியில் வைத்திருக்கிறேன், கரண்ட் போனால் தண்ணீர் உறையவைத்த பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைப்பேன். உன் திருச்சி வெயிலை நினைத்தாலே வயிறு கலங்குகிறது. மொட்டைமாடி அறை என்று எழுதியிருக்கிறாய், அது வேண்டவே வேண்டாம்.

சந்தோஷத்தையும் சொல்கிறேன், பயமுறுத்தவே எழுதியதாக நினைக்காதே. பிரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம், கொத்தமல்லிக் கட்டின் கவர் சரசரக்கும் சத்தம் கேட்டால் போதும், 'வீக் வீக்' என்று வீடே அதிரும். நான் அடுப்படிக்கு நடக்கிற நடையும் அவர் நடக்கிற நடையும் அதுகளுக்கு வேறு வேறு. புதுத்துணி விரித்த அன்று கன்றுக்குட்டி மாதிரி நின்ற இடத்திலேயே துள்ளும், காற்றில் உடம்பு ஒரு பக்கம் போகும், தலை ஒரு பக்கம் போகும்.

ஜூனில் கடலை வந்தாள். கூடவே ஓர் ஆண். வயிறு இரண்டு பக்கமும் புடைத்திருந்தது, கை வைத்தால் உள்ளே அசைவு. ஆணை உடனே பிரித்தோம், இல்லாவிட்டால் குட்டி போட்ட சில மணி நேரத்திலேயே மறுபடி சினை பிடித்துவிடும். வயசு தெரியாததுதான் எங்களுக்குக் கவலை. முதல் குட்டி ஏழெட்டு மாத வயசுக்குள் வராவிட்டால் இடுப்பெலும்பு போதுமான அளவு விரியாது, தாய்க்கே ஆபத்தாகலாம். ஜூலையில் ஒரு நாள் அதிகாலை நாலரைக்கு முனகல் கேட்டது. டார்ச்சைத் துணியால் மூடிப் பார்த்தேன். குனிந்து உட்கார்ந்து, தலையைக் கால்களுக்கு நடுவே விட்டு, அவளே பல்லால் பிடித்து இழுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. பிறந்த குட்டி என்றால் கண் மூடிய சதைப்பிண்டத்தை நினைக்காதே. கண் திறந்து, முழு முடியோடு, பல்லோடு வரும். ஈரம் காய்வதற்குள் எழுந்து நடந்தன, அடுத்த நாள் அம்மாவின் புல்லை இழுத்துப் பார்த்தன. மூன்றாவது மட்டும் 64 கிராம், மற்றவை 90-க்கு மேல். தாய்க்கு முலைக்காம்பு இரண்டுதான். பெரியவற்றைச் சற்று நேரம் தள்ளிவைத்து, சின்னதை விட்டு ஊட்டினேன், இரண்டு மணிக்கொரு தடவை. அதுதான் வெல்லம்.

அப்பாவும் ஆண் குட்டியும் சேர்ந்து ஒரு கல்லூரிப் பையனிடம் போய்விட்டார்கள். வெல்லமும் அவள் அக்கா எள்ளும் போன ஞாயிறு பொள்ளாச்சிக்குப் போனார்கள். ஆசிரியர் குடும்பம், இரண்டு தடவை வந்து பார்த்தார்கள், கூண்டைப் படமெடுத்து அனுப்பினார்கள். கம்பித்தளம் இருந்தால் கால் புண்ணாகும் என்று சொன்னேன், மறுநாளே மாற்றிவிட்டார்கள். குறையே சொல்ல முடியாது. பெட்டியில் வைக்கும்போது வெல்லம் என் உள்ளங்கையில் தாடையை வைத்து, அடிவயிற்றிலிருந்து ஒரு மெல்லிய 'குர்ர்' கொடுத்தது. 480 கிராம். பெட்டியை மூடினேன். ஃபாஸ்டர் என்றால் கொடுக்கத்தான் வேண்டும், கொடுத்தால்தான் அடுத்தது வர இடமிருக்கும். ஆனாலும் அன்று மாலை கொத்தமல்லியை நாலு பங்காகப் பிரித்துவிட்டு, இரண்டைத் திரும்பக் கட்டில் வைத்தேன்.

சரி, நிலாவுக்கு வருகிறேன். கடையில் ஒன்று வாங்கவே வாங்காதே. தனியாக ஒன்று இருந்தால் அது வாடிப்போகும், சுவிட்சர்லாந்தில் 2008-லிருந்து ஒற்றையாக வைக்கக் கூடாது என்று சட்டமே இருக்கிறது. கூண்டு நாலுக்கு இரண்டடியாவது வேண்டும். சாப்பாட்டில் முக்கால்வாசிக்கு மேல் உலர்ந்த புல்தான். வெளிநாட்டு டிமோத்தி புல் விலைக்குக் கட்டுப்படியாகாது, நான் பால்காரரிடம் கினிப்புல் வாங்கி நிழலில் உலர்த்துகிறேன், அருகம்புல் தினமும். கூடவே குடைமிளகாய் ஒரு துண்டு, கொய்யா கொஞ்சம். பசலைக்கீரையை அளவுக்கு மீறிக் கொடுத்தால் சிறுநீரில் கல் வரலாம். ஐந்தாறு வருஷம் இருக்கும். நிலா காலேஜ் போகிற வயசில், அதைப் பார்க்கப்போவது நீயும் உன் மருமகளும்தான்.

அரைப்பரீட்சை லீவில் அவளைக் கூட்டிக்கொண்டு வா. பத்து நாள் இருக்கட்டும். காலையில் துணி மாற்றி, புழுக்கை பெருக்கி, தண்ணீர்க் குழாய் கழுவி, ஞாயிறு எடை எழுதட்டும். பத்தாம் நாளும் அவளாகவே எழுந்து செய்தால், ராகியும் கடலையும் அவளோடு திருச்சிக்கு வரட்டும். இந்த இரண்டையும் யார் கேட்டும் நான் கொடுக்கவில்லை. உன் வீட்டில் கீழே வடக்குப் பார்த்த அறை இருக்கிறது, மதியம் ஏசி போடுவாய் என்று வாக்குக் கொடு. போதும்.

உன் முட்டிக்காகக் கீழேயே கட்டில் போட்டுவைக்கிறேன். வரும்போது உன் கொல்லை அருகம்புல்லை ஒரு பை பிடுங்கிக் கொண்டுவா, பூச்சிமருந்து படாத இடமாகப் பார்த்து.

உன் பிரியமுள்ள,
கற்பகம்