தனி ஆவர்த்தனத்தில் எழுந்து போகிறவர்கள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி மிருதங்க வகுப்பில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். கண் ஆபரேஷன் ஆனபிறகு மேடை நன்றாகத் தெரிகிறது.

சபாவுக்குக் கச்சேரி கேட்க ஜீன்ஸ், டி-ஷர்ட்டில் வருகிறார்கள், மரியாதையே போய்விட்டது என்று வருத்தப்பட்டிருந்தாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆபீஸிலிருந்து நேராக ஓடி வரும் பிள்ளைகள் பட்டு வேட்டியிலா வர முடியும்? மேடையிலேயே உடை மாறிக்கொண்டுதானே வந்திருக்கிறது! பழைய வித்வான்கள் பலர் வெற்று மார்பில் அங்கவஸ்திரத்தோடு பாடினார்கள். பிறகு ஜிப்பா, இப்போது கலர் கலராகப் பட்டுக் குர்த்தா. எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா கட்டிய காஞ்சிபுரம் பட்டின் நீலத்துக்கு ‘எம்.எஸ். புளூ’ என்றே பெயர் வந்தது. அதுவும் ஒரு காலத்தில் புதுசுதான்.

என்னை வாட்டுவது தனி ஆவர்த்தனம், தாள வாத்தியங்கள் மட்டும் தனியாக வாசிக்கும் அந்த நேரம். மெயின் கீர்த்தனையில், அதாவது கச்சேரியின் முக்கியப் பாட்டில், நிரவல், ஸ்வரம் என்று பாடகரின் கற்பனையெல்லாம் முடிந்து, பாடகர் மிருதங்கத்தைப் பார்த்துத் தலையசைத்ததுமே வரிசை வரிசையாக எழுந்து கான்டீனுக்குப் போகிறார்கள். அதுவரை அடுத்தவர் பாட்டுக்கு அனுசரித்து வாசித்தவருக்குத் தன் கற்பனையைக் காட்டக் கிடைப்பதே அந்தப் பத்துப் பதினைந்து நிமிடம். மிருதங்கமும் கடமும் மாறி மாறி, சுற்றுக்குச் சுற்று சுருக்கிக் குறைப்பு வாசித்து, மோரா என்ற முடிப்புச் சொற்கட்டில் சேர்ந்து, கோர்வை என்ற முத்தாய்ப்பை முடித்துச் சரியாக எடுப்பில், பாட்டு தொடங்கும் இடத்தில், வந்து நிற்கும்போது எதிரே பாதி நாற்காலி காலி. இதை ஜீன்ஸ் பிள்ளைகளா கொண்டுவந்தார்கள்? நம் இளவயதிலேயே பட்டும் ஜரிகையுமாக வந்தவர்கள் செய்ததுதானே. போன வாரம் என் பக்கத்தில் இருந்த டி-ஷர்ட் பையன் தனி முடியும்வரை மிஸ்ர சாபு தாளத்தைக் கையில் தப்பாமல் போட்டான். அவனைக் கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

கைப்பேசி விஷயத்தில் நீ சொல்வது முழுக்கச் சரி. முன்னால் ஒருவர் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தால் பின்வரிசைகளுக்கெல்லாம் அந்த வெளிச்சம்தான் தெரிகிறது, பாடுகிறவர் முகம் தெரிவதில்லை.

எழுந்து போகிறவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. இரண்டரை மணி நேரக் கச்சேரியில் இடைவேளை கிடையாது. சர்க்கரை உள்ளவர்கள், நம் வயதுக்காரர்கள் என்ன செய்வார்கள்? மெயினுக்கு முன்னால் பத்து நிமிடம் விட்டால் என்ன என்று சபாக்காரர்களுக்கு எழுத நினைக்கிறேன். ஆனால் பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்த கச்சேரிக் கட்டு, எதற்குப் பின் எது என்ற அந்த வரிசை, அதனால் குலைந்துவிடுமோ என்று தயக்கமாகவும் இருக்கிறது. நீ மேடையில் வாசித்தவன். நடுவில் நிறுத்தினால் கை சூடு ஆறிவிடுமா? அதை மட்டும் யோசித்து எழுது, அப்புறம் நான் அவர்களுக்கு எழுதுகிறேன்.

மார்கழிக்குப் பேத்தியையும் கூட்டிக்கொண்டு வா. மாடி அறை காலியாகத்தான் இருக்கிறது.

அன்புடன்,
உன் மயிலாப்பூர் நண்பன்