குடியிருப்போர் நலச் சங்கம், சத்துவாச்சாரி, வேலூர்: செல்லப்பிராணி வளர்ப்பு நெறிமுறைகள் குறித்த செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவிற்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

குடிநீர், தெருவிளக்கு, மழைநீர் வடிகால் பணிகளின் விவரங்கள் உங்கள் கையிலுள்ள அச்சிட்ட இணைப்பில் இருக்கின்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். இவ்வாண்டு செயற்குழுவின் நேரத்தில் பெரும்பகுதி, நம் வீடுகளில் வளரும் நாய், பூனைகளுக்கான நெறிமுறைகளை வகுப்பதிலும் அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவருவதிலும் சென்றது. ஆகவே இவ்வறிக்கையை அதற்கே ஒதுக்க அனுமதி பெற்றேன்.

ஆண்டின் தொடக்கத்தில் ஒரே வாரத்தில் இரண்டு மனுக்கள் வந்தன. குடியிருப்பில் நாய் வளர்ப்பதையே தடை செய்ய வேண்டும் என்றது ஒன்று; லிஃப்டில் நாயுடன் ஏறியபோது தம்மை இறக்கிவிட்டார்கள் என்றது மற்றொன்று. முதல் மனுவில் கையெழுத்துகள் மிகுதியாக இருந்தன என்பது உண்மை. ஆயினும், இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, பெரும்பான்மை உறுப்பினர்கள் ஒப்பினாலும் செல்லப்பிராணி வளர்ப்பைச் சங்கம் தடை செய்ய இயலாது. லிஃப்டை மறுக்கவும் இயலாது. அதே வேளையில், தம் பிராணியால் பிறருக்குத் தீங்கு நேராதபடி காக்கத் தவறும் உரிமையாளருக்கு, இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு ஆறு மாதம் வரை சிறையோ ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கிறது. இவ்விரண்டையும் இரு தரப்பினருக்கும் ஒரே கூட்டத்தில் வாசித்துக் காட்டிய பிறகே பேச்சு நிதானத்துக்கு வந்தது. நாய் வளர்ப்போர் மூவரும், நாய்க்கு அஞ்சுவோர் மூவருமாக ஒரு துணைக்குழு அமைத்து, சித்திரை மாதத்தில் முதல் வரைவை எழுதி முடித்தோம்.

அந்த வரைவில் ஒரு பெரிய குறை இருந்தது. அதை எங்களுக்கு உணர்த்திய நிகழ்ச்சியை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

நம் இரண்டாவது தெருவில் வீட்டு வேலைக்கு வரும் அம்மா ஒருவரை, திறந்திருந்த வாயிற்கதவு வழியாக வெளியே வந்த வளர்ப்பு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. அவர் எவரிடமும் சொல்லாமல், கடிவாயில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசிக்கொண்டு, மாலையில் அடுத்த வீட்டு வேலைக்கும் போயிருக்கிறார். சொன்னால் வேலை போய்விடுமோ என்ற அச்சமே காரணம். மூன்றாம் நாள் அவர் நொண்டி நடந்ததைக் காவலர் பார்த்துக் கேட்டபோதுதான் செய்தி வெளிவந்தது. நாயின் தடுப்பூசி அட்டையை வாங்கிப் பார்த்தோம். ஆண்டுத் தடுப்பூசிக்கான நாள் கடந்து நான்கு மாதங்கள் ஆகியிருந்தன.

அந்த உறுப்பினர் அன்றே அவரை அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அடுத்தடுத்த ஊசிகளுக்கும் தவறாமல் உடன் சென்றார். வேலைக்குப் போகாத நாட்களின் கூலியையும் கொடுத்தார். நாயைப் பத்து நாட்கள் கட்டிவைத்துக் கவனித்தோம். அது நலமாக இருந்தது. ஆனால் அந்தப் பத்து நாட்களும் அந்த அம்மாவின் வீட்டில் எப்படிக் கழிந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கும்படி உறுப்பினர்களை வேண்டுகிறேன். ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோயின் அறிகுறிகள் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களிலும், சிலருக்கு ஒரு வாரத்திலும், சிலருக்கு ஓராண்டு கழித்தும் தோன்றலாம். தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது அரிதினும் அரிது. கடித்த உடனே காயத்தைச் சோப்பு போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். எதையும் பூசக் கூடாது, கட்டுப் போடக் கூடாது. நாய் நலமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஊசி போடலாம் எனக் காத்திருக்கவும் கூடாது. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் ஊசி முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28 நாட்கள் கழித்து என நான்கு முறை இலவசமாகப் போடப்படுகிறது. ஆழமான கடியாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் எனும் உடனடிப் பாதுகாப்பு தரும் எதிர்ப்புரத மருந்தும் செலுத்த வேண்டும்.

எங்கள் முதல் வரைவு உறுப்பினருக்கும் உறுப்பினருக்கும் இடையிலான வழக்குகளை மட்டுமே எண்ணி எழுதப்பட்டிருந்தது. பால் போடுபவர், தூய்மைப் பணியாளர், எரிவாயு உருளை கொண்டுவருபவர், இஸ்திரி போடுபவர் ஆகியோரே நாள்தோறும் நம் வாயிற்கதவுகளைத் திறப்பவர்கள். அவர்களுக்கு இச்சங்கத்தில் வாக்கு இல்லை, புகார் நோட்டில் எழுதும் வழக்கமும் இல்லை. செயலாளர் என்ற முறையில் இந்தத் தவறுக்கு நானே முதற்பொறுப்பு. திருத்திய நெறிமுறைகளில், பணிக்கு வரும் எவர் சொன்னாலும் காவலர் அதைப் புகாராகப் பதிவு செய்ய வேண்டும் என்றும், நாய் வளர்க்கும் வீட்டில் வேலையாட்கள் வரும் நேரத்தில் நாயைத் தனி அறையிலோ கயிற்றிலோ வைத்திருக்க வேண்டும் என்றும், கடிபட்டவரின் சிகிச்சைச் செலவையும் கூலி இழப்பையும் உரிமையாளர் ஏற்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறோம்.

தடுப்பூசியைப் பொறுத்தவரை, குட்டிக்கு மூன்று மாதம் நிறைந்ததும் முதல் ஊசி, மூன்று நான்கு வாரங்களில் மறு ஊசி, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை என்ற முறையைப் பதிவேட்டில் குறித்துவருகிறோம். நாள் நெருங்கும்போது காவலர் அறையிலிருந்து நினைவூட்டல் வரும். உலக ரேபிஸ் நாளான செப்டம்பர் 28 அன்று, கால்நடை மருத்துவர் ஒருவரின் உதவியோடு நம் சமுதாயக் கூடத்தில் முகாம் நடத்தினோம். வளர்ப்புப் பூனைகளையும் கொண்டுவந்திருந்தார்கள். பூனைக்கும் இந்த ஊசி தேவை என்பதைப் பலர் அன்றுதான் அறிந்துகொண்டார்கள்.

நடைப்பயிற்சி நேரம் குறித்த சச்சரவு நம் ஊரின் வெயிலால் வந்தது. கத்திரி வெயிலில் நாற்பது டிகிரியைத் தாண்டும் வேலூரில், காலை ஏழு மணிக்குப் பிறகு தார்ச்சாலையில் நாயை நடத்துவது அதன் பாதத்தைச் சுட்டுவிடும். புறங்கையைச் சில நொடிகள் சாலையில் வைத்துப் பார்த்தாலே தெரியும். முதியோரும் அதே குளிர்ந்த நேரத்தில்தான் நடக்க வருகிறார்கள். பூங்காவைச் சுற்றிய பாதை முதியோருக்கும் குழந்தைகளுக்கும், மதிற்சுவரை ஒட்டிய பின்பாதை நாய்களுடன் வருவோருக்கும் எனப் பிரித்தோம். கயிறு இல்லாமல் பொது இடத்தில் நாயை விடக் கூடாது. கழிவை உரிமையாளரே பையில் எடுத்துச் செல்ல வேண்டும். இதற்கு அபராதம் விதிக்கலாம் என்று சிலர் வற்புறுத்தினார்கள். விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதலை முன்னிட்டு அது வேண்டாமென முடிவு செய்து, பின்பாதையில் இரண்டு மூடித் தொட்டிகள் வைத்தோம். பின்பாதை இப்போது சுத்தமாக இருக்கிறது. லிஃப்டுக்குள் சிறுநீர் கழிக்கும் பிரச்சினை மட்டும் முழுமையாகத் தீரவில்லை.

நம் பகுதியில் நோய்க்குச் சிகிச்சை பெற வெளிமாநிலங்களிலிருந்து வந்து, மாதக்கணக்கில் வாடகைக்குத் தங்கும் குடும்பங்கள் இருக்கின்றன. புற்றுநோய்ச் சிகிச்சையிலோ உறுப்பு மாற்றத்துக்குப் பிறகோ இருப்பவர்களுக்கு நோய் எதிர்ப்பாற்றல் குறைவு. ஒரு நகக்கீறலும் அவர்களுக்குக் கேடாகலாம். அவர்களுடன் லிஃப்டில் செல்ல நேர்ந்தால் நாயுடன் இருப்பவர் அடுத்த முறைக்குக் காத்திருக்க வேண்டும் என்பதை நெறிமுறையில் சேர்த்து, அறிவிப்பை வங்காள மொழியிலும் இந்தியிலும் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

தெருநாய்களுக்குச் சோறு வைப்பது பற்றி: விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகள், 2023, உணவிடும் இடத்தைக் குறிக்கும் பொறுப்பை நம்மைப் போன்ற சங்கங்களிடமும் ஒப்படைத்திருக்கிறது. படிக்கட்டு, நுழைவாயில், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றுக்குத் தள்ளி, பம்பு அறைக்குப் பின்னால் ஓர் இடம் குறித்தோம். காதில் வெட்டுக்குறி உள்ளவை கருத்தடை செய்யப்பட்டவை. குறியில்லாதவற்றுக்கு அறுவை சிகிச்சை செய்யக் கோரி மாநகராட்சிக்கு எழுதியிருக்கிறோம். கூட்டமொன்றில், விஷம் வைத்தால் தொல்லை தீரும் என்று ஒரு குரல் எழுந்தது. விலங்கைக் கொல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அப்படி ஏதேனும் நடந்தால் சங்கமே காவல் நிலையத்தில் புகார் அளிக்கும் என்று அன்றே நிகழ்ச்சிக் குறிப்பில் பதிந்தேன்.

தீபாவளி நேரத்தில் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்ற அரசு அனுமதித்த நேரங்களைக் கடந்தும் வெடித்ததில், மிரண்டோடிய நாய் ஒன்று மறுநாள் ஆட்சியர் அலுவலகத்துக்கு அருகே கிடைத்தது. கழுத்துப்பட்டையில் கைப்பேசி எண் இருந்ததால் வீடு திரும்பியது. பட்டையில் எண் எழுதுவதை இனி கட்டாயமாக்கக் கேட்டுக்கொள்கிறேன். மேலும், பச்சைக்கிளியைக் கூண்டில் வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன்படி குற்றம் என்று அறியாதிருந்த ஒரு வீட்டார், எடுத்துச் சொன்னதும் அதை வனத்துறையிடம் ஒப்படைத்தார்கள்.

திருத்திய நெறிமுறைகளுக்கு ஒப்புதல், காவலர் அறையில் முதலுதவிக்கென ஒரு குழாயும் சோப்பும் அமைக்கும் செலவு, தடுப்பூசிப் பதிவேட்டை ஆண்டுதோறும் சித்திரையில் புதுப்பித்தல் ஆகிய மூன்று தீர்மானங்களைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன். இரண்டாவது தீர்மானத்தை முன்மொழிய விரும்புவதாக, கடித்த நாயின் உரிமையாளரான உறுப்பினரே எனக்கு எழுதித் தந்திருக்கிறார்.

பணிவுடன்,
செயலாளர்