வீட்டோடு போகும் செலவு

ஆசிரியருக்கு வணக்கம்.

பக்கவாதம் வந்து என் மாமியார் படுத்த படுக்கையாகி நான்கு வருஷம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களுக்குக் காப்பீட்டு அட்டை கைகொடுத்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் செலவே தொடங்கியது: டயப்பர், படுக்கைப்புண் மருந்து, பகலில் பார்த்துக்கொள்ள ஓர் ஆள். ஆள் சம்பளம் கட்டுப்படியாகாமல், திருப்பூரில் பனியன் கம்பெனி டெய்லர் வேலையை விட்டுவிட்டேன். அதோடு பி.எஃப்., இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) எல்லாம் போயிற்று. இந்த இழப்பை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. எங்கள் வீதியிலேயே இப்படி இன்னும் இரண்டு பெண்கள்.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கிறார்கள், கை கால் பயிற்சியும் சொல்லித் தருகிறார்கள். பெரிய உதவிதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது நான்தானே?

ஜப்பானில் 2000-ஆம் ஆண்டு முதல் முதியோர் பராமரிப்புக்கென்றே தனிக் காப்பீடு இருக்கிறது. 40 வயதிலிருந்து சந்தா கட்டுகிறார்கள். காப்பீடு கொடுக்கும் பணத்தில் சந்தா பாதி, வரிப்பணம் பாதி. பராமரிப்புச் செலவில் குடும்பத்தின் கையிலிருந்து போவது பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு. இங்கே இ.எஸ்.ஐ.க்குத் தொழிலாளி 0.75, முதலாளி 3.25 சதவீதம் கட்டுகிறார்களே, அதேபோல இதற்கும் ஓர் ஏற்பாடு வேண்டும். தறி ஓட்டுகிறவர்களையும் தோட்டத்து வேலைக்காரர்களையும் விட்டுவிடாமல் சேர்க்க வேண்டும். முதலில் ஒன்றியத்துக்கு ஒரு பகல்நேரப் பராமரிப்பு மையம் திறந்தால்கூட, நான் நாளைக்கே ஷிப்டுக்குப் போய்விடுவேன்.

- ஒரு வாசகி, அவிநாசி