எலி விட்னிக்கு அடுத்த பக்கம்: பாடநூல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளி வரலாற்று நூல்களை எழுதும் பெருமக்களுக்கு வணக்கம்.

தொழிற்புரட்சிப் பாடத்தில் 1793ஆம் ஆண்டும் எலி விட்னியும் ஒரே வரியில் வந்துபோவார்கள். பருத்தியில் கொட்டை நீக்கும் எந்திரம் கண்டுபிடித்தார், வேலை மிச்சமாயிற்று, அவ்வளவுதான். அந்த இடத்தில் இன்னொரு பக்கம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

மிச்சமானது கொட்டை நீக்கும் வேலை மட்டுமே. எவ்வளவு விளைந்தாலும் அரைத்துத் தள்ளலாம் என்றானதும், களையெடுக்கவும் பறிக்கவும் ஆள் போதவில்லை. 1790இல் அமெரிக்காவில் சுமார் 7 லட்சம் அடிமைகள். 1860இல் ஏறத்தாழ 40 லட்சம். தென்மாநிலமான மிசிசிப்பியில் சொக்டா பழங்குடியினரை 1830 ஒப்பந்தத்தால் வெளியேற்றிய மண்ணில் பருத்தி விதைத்தார்கள். வர்ஜீனியா பக்கம் தாய் வேறு, பிள்ளை வேறாக விற்கப்பட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்து நடத்தியே அங்குள்ள நாச்செஸ் நகரின் அடிமைச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள்.

அந்தி சாய்ந்தால் எடை போடுவார்கள். ஒவ்வொருவர் கூடையும் தராசில் ஏறும். குறித்த எடை இல்லையென்றால் சவுக்கடி. கூடுதலாகப் பறித்தவருக்கும் நிம்மதி இல்லை, மறுநாளிலிருந்து அதுவே அவருடைய அளவாகிவிடும்.

இந்தப் பஞ்சுதான் 1860இல் அமெரிக்க ஏற்றுமதியில் பாதிக்கு மேல். கடன் வாங்க மனிதர்களையே அடமானம் வைத்தார்கள். லூசியானாவின் இரண்டு வங்கிகள் அப்படிச் சுமார் 13,000 பேரை ஈடாக ஏற்றதை, அவற்றின் வழிவந்த ஜேபி மோர்கன் சேஸ் 2005இல் ஒப்புக்கொண்டது. பின்னர் வடமாநிலங்களும் தென்மாநிலங்களும் மோதிய அமெரிக்க உள்நாட்டுப் போர் வெறும் மாநில உரிமைச் சண்டை என்று இன்றும் மழுப்புகிறவர்கள் உண்டு. ஆனால் தன் நிலை அடிமைமுறையோடு முற்றிலும் பிணைந்தது என்று மிசிசிப்பியே 1861இல் நாட்டிலிருந்து பிரிந்தபோது கூச்சமின்றி எழுதிவைத்திருக்கிறது.

அடிமைகளின் விடுதலைக்குப் பின், விளைச்சலில் பங்கு பிரிக்கும் வாரச் சாகுபடி வந்தது. விதையும் மாவும் பண்ணைக் கடையில் கடன், கணக்கு எழுதுவதும் பண்ணைக்காரரே. பருத்தி பறிக்கும் எந்திரம் 1940களில் வந்தபோது, அந்த வேலையும் போய்ப் பலர் சிகாகோவுக்கு ரயிலேறினார்கள்.

நமக்கும் இதில் தொடர்புண்டு. 1840களில் கோவையில் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் சோதனைப் பண்ணைகளில் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்க, அந்தத் தென்மாநிலங்களிலிருந்தே பருத்திப் பண்ணையாளர்களைத் தருவித்தது கிழக்கிந்தியக் கம்பெனி.

ஆகவே, 'எந்திரத்தைக் கண்டுபிடித்தவர் யார்?' என்ற வினாவுக்குக் கீழே, 'அது வந்தபின் அடிமைகள் ஏன் பெருகினர்?' என்ற ஐந்து மதிப்பெண் வினாவையும் சேர்க்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வரலாற்று ஆசிரியர்